அத்தைக்கு ஒரு டம்ளர்!

"ஐயோ... அத்தை!"

அந்த அலறலில் பம்ப் கம்பெனியே நின்றது.

வெள்ளிக்கிழமை. காலை எட்டரை மணி. பெரியநாயக்கன்பாளையத்தில், மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டிய அந்த மோட்டார் பம்ப் கம்பெனியில் வாராந்திர பூஜை நடந்துகொண்டிருந்தது. தொழிலாளிகள் முன்பக்கம் பொங்கலுக்கு வரிசையில் நின்றார்கள். பின்பக்கம் யாருமே இல்லை.

பின்பக்கம்தான் டெஸ்டிங் தொட்டி! செய்து முடித்த பம்புகளைத் தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்க்கும் தொட்டி. பத்தடி ஆழம்.

அதில் ஒரு பட்டுப்புடவை மிதந்தது.

புடவைக்குள்... ராமாமணி!

முதலாளி சென்னகிருஷ்ணனின் மனைவி. ஐம்பத்தெட்டு வயது. கற்பூரத் தட்டோடு மெஷின் மெஷினாகச் சுற்றி வந்தவள், கடைசி மெஷினுக்குப் போய்ச் சேரவில்லை.

அலறியவள் மருமகள் ஷ்ரவ்யா. கல்யாணமாகி ஏழே மாதம்.

ஃபிட்டர் நரசிம்மலு ஓடி வந்து குதித்தார். மேலே தூக்கிப் போட்டார். நெஞ்சை அமுக்கினார்.

பிரயோஜனமில்லை!

இருபது நிமிடத்தில் இன்ஸ்பெக்டர் முகமது ரியாஸ் ஜீப்பிலிருந்து இறங்கினார். கூடவே சப்-இன்ஸ்பெக்டர் கனகம். கனகத்துக்கு வாய் கொஞ்சம் நீளம். கண் அதைவிட நீளம்.

"கால் வழுக்கிடுச்சுங்க" என்றார் சென்னகிருஷ்ணன் உடைந்த குரலில்.

மகன் அபிலாஷ் தரையில் உட்கார்ந்து அம்மாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான். முப்பத்தொரு வயது ஆண், மூன்று வயதுப் பிள்ளை மாதிரி அழுதான். அந்த அழுகையில் கொஞ்சம்கூடப் பொய் இல்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்!

கனகம் குனிந்து ராமாமணியின் வாயைப் பார்த்தாள்.

"சார்... நாக்கு கடிபட்டிருக்குங்க."

ரியாஸ் தொட்டியைச் சுற்றி நடந்தார். நான்கு மூலையிலும் தரையோடு அறுத்த இரும்புக் குழாய்கள். அறுத்த இடம் இன்னும் பளபளவென்றிருந்தது.

"இங்கே தடுப்புக் கம்பி இருந்ததா?"

"இருந்துச்சுங்க" என்றார் நரசிம்மலு, தலை ஈரம் சொட்ட. "பத்து நாளைக்கு முன்னாடி சின்ன முதலாளிதான் அறுத்துப்போடச் சொன்னாருங்க. பம்பு எறக்கத் தடுக்குதுன்னு."

"தொட்டி ஓரமா ஒரு மேஜை கிடக்குதே, அது?"

"சின்னம்மா, அதான் ஷ்ரவ்யாம்மா, உக்காந்து பம்பு ரீடிங் எழுதறதுங்க. ஆபீஸ்ல இருந்துச்சு. அதையும் அன்னைக்குத்தான் இங்க தூக்கியாந்து போட்டோம்."

ரியாஸ் எழுதிக்கொண்டார். எதற்கு என்று அவருக்கே அப்போது தெரியாது.

*

ஐந்தாம் நாள் காலை போன் அடித்தது. போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டர்.

"ரியாஸ், தண்ணீர்ல மூழ்கித்தான் மரணம். ஆனா ரத்தத்துல ஒரு மருந்து இருக்கு. ஃபெனிட்டாயின்."

"விஷமா டாக்டர்?"

"வலிப்புக்குக் கொடுக்கற மாத்திரை. அளவு மீறினா தலை சுத்தும், கால் தள்ளாடும். எவ்வளவு இருந்துச்சுங்கற ரிப்போர்ட் மத்தியானம் வரும்."

ரியாஸ் அரை மணியில் சென்னகிருஷ்ணனின் பங்களாவில் இருந்தார்.

"உங்க சம்சாரத்துக்கு வலிப்பு நோய் இருந்துச்சுங்களா?"

சென்னகிருஷ்ணன் நிமிர்ந்தார். "என்னங்க கேக்கறீங்க! முப்பத்திநாலு வருஷம் கூட வாழ்ந்திருக்கேன். தலைவலி மாத்திரைகூடப் போட மாட்டா. ஏதோ சத்து மாத்திரை ஒண்ணு போடுவா, அவ்வளவுதான்."

"அப்ப வலிப்பு மாத்திரை அவங்க உடம்புக்குள்ள எப்படிப் போச்சு?"

ஷ்ரவ்யாவின் முகம் மட்டும் வெளுத்தது.

கனகம் பார்த்துவிட்டாள். நேராக மாடியறைக்குப் போனாள். பீரோவில், மடித்து வைத்த சுடிதார்களுக்கு அடியில், ஒரு மல்டி விட்டமின் டப்பா. திறந்தாள். லேபிளில் ஒன்று, உள்ளே வேறொன்று!

"ஏனுங்க அம்மணி, இது விட்டமினுங்களா?"

ஷ்ரவ்யா சுவரில் சாய்ந்தாள்.

"இல்லீங்க... வலிப்பு மாத்திரை. எனக்குங்க. பதினாலு வயசுல இருந்து இருக்குது. மாத்திரை போட்டா ஒண்ணும் வராதுங்க. அஞ்சு வருஷமா ஒருக்காகூட வரலீங்க. பொண்ணு பாக்க வந்தப்ப எங்கம்மா சொல்ல வேண்டாம்னு..."

"ஏமாத்திட்டீங்களே!" சென்னகிருஷ்ணன் கத்தினார். "சொல்லியிருந்தா கட்டியிருப்போமா?"

"அதனாலதான் மாமா சொல்லல" என்றாள் ஷ்ரவ்யா. உண்மையைத்தான் சொன்னாள், பாவம். அந்த நேரத்தில் உண்மைக்கு மதிப்பு ஏது?

அபிலாஷ் எழுந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"எனக்கே இப்பத்தான் சார் தெரியுது. எங்கம்மா இவ டப்பாவைப் பார்த்திருப்பாங்க. கேட்டிருப்பாங்க. வெளிய தெரிஞ்சுபோயிடும்னு இவ அந்த மாத்திரையவே பொடி பண்ணி அம்மாவுக்குக் குடுத்திருக்கா. தலை சுத்தித் தொட்டியில விழுந்துட்டாங்க. இவளை விட்றாதீங்க சார்!"

"சாமி சத்தியமா இல்லீங்க! அத்தை எனக்கு அம்மா மாதிரிங்க!"

நோக்கம் இருக்கிறது. மாத்திரை இருக்கிறது. பிணமும் இருக்கிறது. ஒரு போலீஸ்காரனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஷ்ரவ்யாவை ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போது கனகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த மாத்திரைய மட்டும் தருவீங்களாக்கா? ஒரு வேளை விட்டாலும் எனக்கு வந்துருங்க."

*

மாலை ஐந்து மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். பேப்பர்கள் டைப் ஆகிக்கொண்டிருந்தன.

மதியம் பன்னிரண்டு. மறுபடியும் போன்!

"ரியாஸ், அளவு வந்துடுச்சு" என்றார் அதே டாக்டர். "உங்க கேஸ் கவுந்துச்சு."

"ஏங்க?"

"ரொம்பக் கம்மி. தலை சுத்தற அளவே இல்ல. வலிப்புக்கு மாத்திரை சாப்பிடறவங்களுக்கு இருக்க வேண்டியதுல பாதிகூட இல்ல. நாக்கு வேற கடிபட்டிருக்கு. என்னைக் கேட்டா, அந்தம்மாவுக்கு வலிப்பு வந்துதான் தொட்டியில விழுந்திருக்காங்க."

ரியாஸ் போனை வைத்துவிட்டுக் கனகத்தைப் பார்த்தார். கனகம் லாக்கப் பக்கம் திரும்பினாள்.

"அம்மணி... உங்க அத்தை சத்து மாத்திரை போடுவாங்கன்னு உங்க மாமனார் சொன்னாரே. அந்த டப்பா எங்கீங்க?"

"பூஜை ரூம் அலமாரியில இருக்குங்க. யாரையும் தொட விட மாட்டாங்க. அத்தையோட தம்பி வெங்கடபதி மாமாதான் மாசாமாசம் கொண்டாந்து குடுப்பாரு. பல்லடத்துல மெடிக்கல் ஷாப் வெச்சிருக்காருங்க."

"காலையில நான் பூஜை ரூமையும் பார்த்தேன். அலமாரியில டப்பா இல்ல. டப்பா இருந்த தடம் மட்டும் வட்டமா இருந்துச்சு" என்றாள் கனகம்.

ரியாஸ் தொப்பியை எடுத்தார்.

"வண்டியை எடு கனகம். பல்லடம்!"

*

வெங்கடபதிக்கு ஐம்பத்தைந்து வயது. கடையில் கூட்டமில்லை. காக்கிச்சட்டையைப் பார்த்ததும் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"அக்காவோட சத்து மாத்திரை டப்பாவை நீங்கதானே எடுத்தீங்க?"

"எந்த டப்பாங்க?"

"வெங்கடபதி..." ரியாஸ் குரலை உயர்த்தவில்லை. "சாயந்திரம் அஞ்சு மணிக்கு ஒரு பொண்ணு ஜெயிலுக்குப் போகப் போகுது. உங்கக்காவைக் கொன்னதா. அந்தப் பொண்ணு கொல்லலேன்னு உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நிரூபிக்க உங்க வாய் ஒண்ணுதான் இருக்கு. தொறப்பீங்களா, மாட்டீங்களா?"

வெங்கடபதி கல்லாவின் அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தார். லேபிளில் இரும்புச் சத்து. உள்ளே ஃபெனிட்டாயின்!

"அக்காவுக்குச் சின்ன வயசுல இருந்தே வலிப்புங்க. மறைச்சுத்தான் கட்டி வெச்சோம். கல்யாணத்துக்கு மொத நாள் எங்கப்பா என்ற கையைப் புடிச்சுட்டு, 'டேய், உசுரே போனாலும் இது வெளிய வரக்கூடாது'ன்னாரு. இந்த மெடிக்கல் ஷாப்பையே அக்காவுக்காகத்தாங்க வெச்சேன். முப்பத்திநாலு வருஷமா இந்த டப்பாவுலதான் போட்டுக் குடுக்கறேன்."

"டாக்டர்கிட்ட காட்டினதே இல்லையா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி பார்த்ததோட சரிங்க. அப்ப எழுதின சீட்டுதான்."

"முப்பத்திநாலு வருஷமா பழைய சீட்டு!" என்றாள் கனகம் கோபமாக. "மளிகைச் சாமானுக்குக்கூட அதே சீட்டை வெச்சு வாங்க மாட்டாங்களே!"

"தப்புத்தானுங்க... ஆனா ஒரு வேளைகூட அக்கா மாத்திரை விட்டதில்லீங்க. கல்யாணமானதுல இருந்து வலிப்பே வரலீங்க. இப்ப எப்படி வந்துச்சுன்னு எனக்கு வெளங்கவே இல்ல. சுடுகாட்டுக் காரியம் முடிஞ்சதும் டப்பாவை எடுத்துட்டு வந்துட்டேன். செத்த பொறவாவது மச்சான் அக்காவை மரியாதையா நெனைக்கட்டும்னு..."

சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார்.

*

மாத்திரை தவறவில்லை. மருந்தும் அசல்தான். ஆனால் ரத்தத்தில் பாதி காணோம்!

எங்கே போனது?

ஷ்ரவ்யாவின் மருந்துச் சீட்டில் இருந்த பெயரைப் பிடித்துக்கொண்டு, நரம்பியல் டாக்டர் நிதாவின் கிளினிக்குக்குப் போனார் ரியாஸ். மணி இரண்டேகால்.

"மாத்திரை சரியாச் சாப்பிட்டும் அளவு குறையுமா டாக்டர்?"

"குறையும். கூடவே வேற என்ன சாப்பிட்டாங்கங்கறதைப் பொறுத்தது. ஃபோலிக் ஆசிட், பி-சிக்ஸ் விட்டமின்... இதெல்லாம் அளவுக்கு மீறி உள்ள போனா, ஃபெனிட்டாயினை உடம்பு சீக்கிரம் செலவழிச்சுடும்."

"சத்து மாத்திரை விஷமாகுங்களா?" கனகத்துக்கு நம்ப முடியவில்லை.

"விஷம் இல்லைங்க. சில பேருக்கு அதே சத்தை நாங்களே எழுதிக் கொடுக்கறோம். ஆனா அளவு பார்த்து, ரத்தம் டெஸ்ட் பண்ணி. நாமளா கலந்து குடிச்சாத்தான் வம்பு. ஷ்ரவ்யாகிட்டயும் இதைத்தான் சொன்னேன். என்னைக் கேட்காம எந்தச் சத்துப் பவுடரும் தொடக்கூடாதுன்னு. அவங்க வீட்டுக்காரர் வந்தப்பவும்..."

ரியாஸ் நிமிர்ந்தார்.

"யாரு வந்தப்ப?"

"அபிலாஷ். ஒன்றரை மாசம் முன்னாடி தனியா வந்தார். பீரோவுல என்னோட சீட்டைப் பார்த்தாராம். 'மனைவிக்குத் தெரிய வேண்டாம், நான் கவனமா பார்த்துக்கணும், எதெது ஆகாது'ன்னு கேட்டார். எவ்வளவு அக்கறையான புருஷன்னு நினைச்சு, ஒரு தாள்ல வரிசையா எழுதிக் கொடுத்தேன். என்ன, எவ்வளவு போனா ஆபத்துன்னு... ஏன் சார், என்னாச்சு?"

'எனக்கே இப்பத்தான் சார் தெரியுது' என்று காலையில் கண் சிவக்கச் சொன்னானே... அந்த அபிலாஷ்!

ரியாஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு ஷ்ரவ்யாவிடம் கொடுக்கச் சொன்னார்.

"ஷ்ரவ்யா, உங்க வீட்டுக்காரர் உங்களுக்குச் சத்துப் பவுடர் ஏதாவது குடுத்தாராம்மா?"

"ஆமாங்க. ஒரு மாசமா தினமும் பால்ல கலக்கி அவரே டம்ளரை நீட்டுவாருங்க. உடம்பு தேறட்டும்னு. அப்பத்தான் சார் எங்கிட்ட பாசமாவே பேச ஆரம்பிச்சாரு."

"நீங்க குடிச்சீங்களா?"

"டாக்டரம்மா வேண்டாம்னாங்களே! அதை அவருகிட்ட எப்படிச் சொல்றது? சமையக்கட்டுல கொட்டப் போனேன். அத்தை பார்த்துட்டாங்க. 'பாலை யாராச்சும் கொட்டுவாங்களா கண்ணு? உனக்குப் புடிக்கலீன்னா எங்கிட்ட குடு. அவன் கேட்டா நீயே குடிச்சதாச் சொல்லிக்க'ன்னு வாங்கிக் குடிச்சுப்போட்டாங்க. அன்னையில இருந்து தினமும்..."

அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது.

"சார்... அத்தைக்கு என்ன? எதுக்கு சார் கேக்கறீங்க?"

ஷ்ரவ்யாவைப் பங்களாவுக்குக் கூட்டி வரச் சொல்லிவிட்டு ரியாஸ் போனை வைத்தார்.

*

மணி நான்கு. பங்களா ஹாலில் சென்னகிருஷ்ணன், அபிலாஷ், வெங்கடபதி. கனகத்தின் பக்கத்தில் ஷ்ரவ்யா. டீப்பாய் மேல் சமையலறையிலிருந்து எடுத்த பவுடர் டப்பா.

"இது யார் வாங்கினது?"

"நான்தான் சார்" என்றான் அபிலாஷ். "என்ற பொண்டாட்டிக்கு. அதுல என்ன தப்பு?"

"பவுடர்ல தப்பில்ல. அதுல நீங்க கலந்திருக்கீங்களே, விட்டமின் மாத்திரைப் பொடி? உங்க கார் டிக்கியில காலி அட்டை நாப்பத்தாறு கிடைச்சது. டாக்டர் நிதா வேண்டாம்னு எழுதின அதே ஐட்டம். வேண்டாம்ங்கற லிஸ்ட்டை அப்படியே வாங்கற லிஸ்ட்டா மாத்திட்டீங்க. தடுப்புக் கம்பியை அறுத்தாச்சு. பொண்டாட்டி மேஜையைத் தொட்டி ஓரத்துல போட்டாச்சு. இனி ஒரே ஒரு வலிப்பு வந்தாப் போதும். யாரும் உங்களைக் கேள்வி கேட்க முடியாது. கால் வழுக்கிடுச்சுன்னு நீங்களே சொல்லியிருப்பீங்க!"

சென்னகிருஷ்ணன் மகனையே பார்த்தார். அபிலாஷ் பவுடர் டப்பாவைத் தள்ளி வைத்தான்.

"கதை சார். அவ உசுரோடதான நிக்கறா? செத்தது எங்கம்மா! எங்கம்மாவை நான் கொல்வேனா?"

"அந்தப் பாலை ஒரு நாள்கூட ஷ்ரவ்யா குடிக்கல."

"பொய்! தினமும் டம்ளர் காலியா இருந்துச்சு! நானே பார்த்தேன்!"

"காலி பண்ணினது உங்கம்மா."

"குடிச்சா என்ன? அது சத்து! எங்கம்மாவுக்கு அது ஒண்ணும் பண்ணாது! ஃபிட்ஸ் மாத்திரை சாப்பிடறவங்களுக்குத்தான்..."

நாக்கைக் கடித்துக்கொண்டான். லேட்!

வெங்கடபதி இரும்புச் சத்து டப்பாவை டீப்பாய் மேல் வைத்தார். மூடியைத் திறந்தார். ஷ்ரவ்யாவின் டப்பாவில் இருந்த அதே மாத்திரைகள்.

"உங்கம்மாவும் சாப்பிட்டாடா" என்றார். "நீ பொறக்கறதுக்கு முன்னாடி இருந்து."

அபிலாஷ் டப்பாவைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." சென்னகிருஷ்ணனின் குரல் பிசிறியது.

"சொல்லியிருந்தா அக்காவைக் கட்டியிருப்பீங்களா மச்சான்?"

காலையில் மருமகளிடம் கத்திய வாய் அது. இப்போது மூடிக்கொண்டது. இரண்டு பெண்கள் ஒரே வீட்டில், ஒரே மருந்தை, ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி ஒளித்து வைத்து விழுங்கியிருக்கிறார்கள். ஒரே ஒருத்தி வாயைத் திறந்திருந்தால் ராமாமணி இன்று உயிரோடு இருப்பாள். திறக்கவிடாத வீடு அது. நினைத்தால் வயிறு எரிகிறது!

ஷ்ரவ்யா மெதுவாக நடந்து போய், கனகத்தின் பையிலிருந்த தன் டப்பாவைக் கேட்காமல், டீப்பாய் மேலிருந்த அத்தையின் டப்பாவை எடுத்தாள்.

"அது வேண்டாம் கண்ணு, எவிடன்ஸு" என்று கனகம் தடுத்து, பையிலிருந்து அவளுடைய மாத்திரையை எடுத்து நீட்டினாள். "உங்களது இந்தாங்க. நேரமாச்சில்ல?"

ஷ்ரவ்யா வாங்கினாள். எல்லோருக்கும் எதிரில், நடு ஹாலில் நின்று, தண்ணீர் ஊற்றி விழுங்கினாள். கல்யாணமான ஏழு மாதத்தில் முதல் தடவை!

"அம்மணி, இனி ஊட்ல எதையும் ஒளிக்க வேண்டாம்" என்றார் சென்னகிருஷ்ணன், அவள் முகத்தைப் பார்க்க முடியாமல்.

அவள் தன் அம்மா வீட்டுக்குப் போன் போடப் போனாள்.

கையில் விலங்கோடு ஜீப்பில் ஏறியபோதுதான் அபிலாஷ் வாயைத் திறந்தான்.

"டைவர்ஸ்னு போனா ஏன்னு கேப்பாங்க சார். ஊரே சிரிக்கும். வேற என்ன பண்றது? ஃபிட்ஸ் வர்ற பொம்பளையோட ஒரே ஊட்ல எப்படி சார் இருக்கறது?"

ரியாஸ் பல்லைக் கடித்தார். கனகம் ஜீப் கதவை ஓங்கிச் சாத்தினாள்.

"ஏனுங்க தம்பி... ஊட்ல என்ன? அப்படிப்பட்ட பொம்பளையோட வயித்துக்குள்ளயே பத்து மாசம் குடியிருந்திருக்கீங்களே... அப்ப ஒண்ணும் செரமமா இல்லீங்களா?"